வயர் பாடுமா?

ஹெட்போன் வயரை மாற்றினால் இசையே மாறிவிடும் என்கிறது சந்தை. காதுக்குச் சுகமா, கேட்பதற்குத் தரமா என்று கேட்டால் நாயனமும் வீணையும் மிருதங்கமும் வளர்ந்த காவிரிச் சீமையில் அதற்கு எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தை மாதம். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அய்யம்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா தலைசாய்த்து அறுவடைக்குக் காத்திருந்தது. காதில் இயர்போன், நாயன வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவு என்பதால் ஊசி உரசும் சத்தமும் கூடவே வரும். அது பழகிப்போன உரசல். பழகாத உரசல் ஒன்று அதற்கு மேலே கேட்டது. ரயில் குலுங்கும்போதெல்லாம் வயர் சட்டைப் பொத்தானில் பட்டு, காதுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுவதுபோல் கரகரத்தது.

பாபநாசம் வருவதற்குள் வலது பக்கம் செத்துப்போனது. ஜாக் முனையில் வயரை விரலால் வளைத்துப் பிடித்தால் உயிர் வரும், விட்டால் போய்விடும். பழைய பதிவில் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தானே, ஒரு காதே போதுமே என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு காதில் மட்டும் கேட்கும் நாயனம் நடுநெற்றிக்கு வராமல் தலையின் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கும்பகோணம் வரை வயரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஜாக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயரை வெட்டினார். உறையை நகத்தால் உரித்துக் காட்டினார். செம்பு, செம்பு நிறத்தில் இல்லை; பாசி படிந்த குளத்துப் படிக்கட்டுபோல் பச்சையாக இருந்தது.

“வேர்வை சார். நம்ம ஊர் வெக்கைக்கு இப்படித்தான் ஆவும்.”

தலைமுடியைவிட மெல்லிய இழைகள். ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்னிஷ் பூச்சு. நடுவே இழுத்தால் அறாமலிருக்க ஒரு நைலான் நூல். பூச்சைப் போக்காமல் ஈயம் ஒட்டாது. லைட்டரைப் பற்றவைத்து முனைகளை ஒரு நொடி காட்டினார். நூல் சுருண்டு கருகியது. செம்பு பளிச்சென்று எழுந்தது. ஈயத்தைத் தொட்டு, புது ஜாக்கில் மூன்று பொட்டு வைத்தார். எண்பது ரூபாய்.

“புது வயர் போட்டா சவுண்டு இன்னும் நல்லா வரும்னு சொல்றாங்களே?” என்று கேட்டேன். வாயைக் கிளறத்தான்.

“பசங்க வாங்குறாங்க சார், வெள்ளி வயரு, அது இதுன்னு. எனக்குத் தெரிஞ்சு, அறுந்த வயரை மாத்தினா சவுண்டு வரும். அவ்வளவுதான்.”

இந்த ஒரு வரியைச் சரிபார்க்கப் போனதுதான் இந்தக் கட்டுரை.

எட்டு இழை, பத்து ஆசை

ஒரு காலத்தில் இயர்போன் என்றால் வயரும் சேர்ந்தே பிறக்கும், சேர்ந்தே சாகும். இன்று ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் சீன இயர்போனிலேயே வயரைத் தனியாகக் கழற்ற முடிகிறது. 0.78 மில்லிமீட்டர் தடிமனில் இரட்டை ஊசி வைத்தது ஒரு வகை. பொத்தான்போல் அழுத்தினால் ‘டிக்’கென்று மாட்டிக்கொள்ளும் எம்.எம்.சி.எக்ஸ் இன்னொரு வகை. கழற்ற முடியும் என்றானதும் மாற்றவும் வேண்டும்போல் ஆகிவிட்டது. மாற்றுவதற்கென்றே ஒரு தனிச் சந்தை பிறந்தது.

அந்தச் சந்தையின் பாஷையே தனி. ஆக்சிஜன் நீக்கிய செம்பு, வெள்ளி முலாம் பூசிய செம்பு, சுத்த வெள்ளி, நாலு இழைப் பின்னல், எட்டு இழைப் பின்னல். சில நூறு ரூபாயில் ஆரம்பித்து லட்சம் ரூபாய் வரை விலை. செம்பு போட்டால் ‘கதகதப்பு’ வருமாம். வெள்ளி போட்டால் ‘பளிச்’சென்று இருக்குமாம். உலோகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் இந்த வர்ணனைகள் பிறந்தனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். செம்பு சிவப்பு, அதனால் கதகதப்பு. வெள்ளி வெள்ளை, அதனால் பளிச். கண் சொன்னதைக் காது கேட்டுக்கொள்கிறது.

பத்தடி வாய்க்கால்

டெல்டாக்காரர்களுக்கு மின்சாரம் ஓடும் கதையை விளக்க வாய்க்கால் போதும். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இழப்பு! மண் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது, வழியில் மடை குடிக்கிறது. அங்கே வாய்க்காலின் அகலமும் தரமும் உயிர்ப் பிரச்சினை. ஆனால் போர்செட்டுத் தொட்டியிலிருந்து பக்கத்து நாற்றங்காலுக்குப் போகும் பத்தடி வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசினால் என்ன, பளிங்கு பதித்தால் என்ன? நாற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

ஹெட்போன் வயர் அந்தப் பத்தடி வாய்க்கால். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மெல்லிய செம்பு வயர், நாலடி நீளம். போக ஒரு தடம், வர ஒரு தடம். மொத்த மின்தடை ஏறக்குறைய அரை ஓம். மறுமுனையில் இருக்கும் இயர்போனின் தடை 32 ஓம் என்று வைத்துக்கொண்டால், வயரில் வீணாகும் ஒலி அளவு 0.13 டெசிபல். போனில் ஒலியை ஒரு படி கூட்டினாலே இதைப்போலப் பல மடங்கு மாறும். செம்பைவிட வெள்ளி சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும், உண்மைதான். அந்த அரை ஓம் வெள்ளியில் 0.47 ஓம் ஆகும். லாபம் அவ்வளவே. மேலும் அந்தச் சிறு இழப்பும் எல்லா ஸ்வரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தோடியின் காந்தாரத்தை மட்டும் தனியாகப் பிடித்து நசுக்கச் செம்புக்குத் தெரியாது.

விதிவிலக்கு உண்டு. ஒரே இயர்போனுக்குள் நாலு, ஆறு குட்டி ஸ்பீக்கர்களை அடைத்த சில வகைகளில் மின்தடை நிலையாக இருக்காது. ஒரு ஸ்வரத்துக்கு 50 ஓம், இன்னொன்றுக்கு 5 ஓம் என்று ஏறி இறங்கும். அங்கே வயரின் அரை ஓம், மேல்ஸ்தாயிக்கும் கீழ்ஸ்தாயிக்கும் நடுவே முக்கால் டெசிபல் அளவுக்குச் சாய்வை உண்டாக்கலாம். கூர்ந்து கேட்பவர்களுக்குப் பிடிபடக்கூடும். ஆனால் தடித்த சாதாரணச் செம்பு வயரே அந்தச் சாய்வைச் சரிசெய்துவிடும், வெள்ளி வேண்டாம்.

இன்னொன்று, 4.4 மில்லிமீட்டர் ‘பேலன்ஸ்டு’ வயர். அதைப் போட்டதும் சத்தம் கூடுகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதிக சக்தி கொடுக்கிறது. வண்டியை இழுப்பது புது மாடு. புகழ் நுகத்தடிக்குப் போகிறது.

2007-ல் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் வயரைக் கண்ணை மூடிக்கொண்டு சாதாரண வயரிலிருந்து பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். அமானுஷ்யத் திறமைகளைச் சோதிக்க அவர் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பரிசுத் தொகையைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை.

‘மாமா, நான் மாத்தவே இல்லை!’

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு வெள்ளி முலாம் வயர் வாங்கினேன். இயர்போனைவிட வயருக்கு விலை அதிகம். கோயில் குதிரையின் பிடரிபோல் எட்டு இழைப் பின்னல். பார்க்க அவ்வளவு அழகு. மாட்டிய முதல் நாளே வயலின் துல்லியமாகக் கேட்டது. தம்புரா தெளிந்தது. இரண்டு வாரம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். “கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்” என்றாள். ஒரே பாட்டு, ஒரே ஒலி அளவு. பத்து முறை வயரை மாற்றி மாற்றி மாட்டுவாள்; எது எது என்று நான் சொல்ல வேண்டும். வயரின் கனத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவளே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் தயங்காமல் சொன்னேன். இது வெள்ளி, இது பழசு, இது வெள்ளி. முடிந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மாமா, கடைசி ஆறு தடவை நான் வயரை மாத்தவே இல்லை. சும்மா கழட்டிக் கழட்டி அதையே மாட்டினேன்.”

அந்த ஆறு முறையிலும் எனக்கு வித்தியாசம் கேட்டது! காது பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்த மனசு அதற்கு எடுத்துக்கொடுத்தது. கேட்காத வித்தியாசத்தைவிட மோசமான விஷயம் ஒன்று மிச்சமிருந்தது. அந்தப் பின்னல் வயர் கனம். காதுமடலைச் சுற்றி வந்து கீழே இழுத்தது. அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் சிவந்து எரிந்தது. தரத்துக்காகச் சுகத்தை விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சுகம்தான் போயிற்று, தரம் எதுவும் வரவில்லை.

தந்தி வேறு, வயர் வேறு

அப்படியானால் கம்பியை மாற்றினால் நாதம் மாறும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நம் ஊரிலேயே அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். 17-ம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு இன்றைய வடிவம் பெற்றதாகச் சொல்லப்படும் வாத்தியம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. பலாமரக் குடம், மெழுகில் பதித்த மெட்டுகள், ஏழு தந்திகள். மெட்டின் மேல் ஓடுபவை நான்கு, தாளத்துக்கு மூன்று. சாரணி என்ற முதல் எஃகுத் தந்தியின் தடிமனைக் கொஞ்சம் மாற்றினாலும் நாதம் மாறும், விரலும் உணரும்.

அங்கே சுகத்துக்கும் தரத்துக்கும் நடக்கும் பேரம் நிஜமானது. தந்தி தடித்தால் நாதம் கனக்கும். ஆனால் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடும் கமகத்துக்கு விரல் படாத பாடு படும். தந்தி மெலிந்தால் விரலுக்குச் சுகம், நாதம் ஒல்லியாகிவிடும். வீணை வாசிப்பவர்களின் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பார்த்தால் நுனியில் கோடு விழுந்து காய்த்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் வைத்துக்கொள்வதும் அந்த உராய்வுக்காகத்தான்.

தம்புராவில் இன்னும் நுட்பம். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டு நூல். ‘ஜீவா’ என்று அதற்குப் பெயர். அதை ஒரு நெல் நீளம் முன்னே பின்னே நகர்த்தினால் செத்த தந்தி ரீங்கரிக்கும், ரீங்கரித்த தந்தி சாகும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கிட்டான் கல்லைப் பொடித்து வடித்த சோற்றோடு குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. நெல் விளையும் சீமையில் சோறு வாத்தியத்துக்குள்ளும் போகிறது. அந்தப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தாலும் வித்வான் முகம் மாறிவிடும். மிருதங்கம் செய்யும் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தில் வந்த பர்லாந்து, மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்காகத் தோலோடும் கட்டையோடும் செய்து பார்த்த சோதனைகளைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற நூல் (2020) விரிவாகச் சொல்கிறது.

நூலும் சோறும் தந்தியும் நாதத்தை மாற்றுவதற்குக் காரணம், அவை அதிர்கின்றன. அல்லது அதிரும் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஹெட்போன் வயர் அதிர்வதில்லை, தூக்கிச் செல்கிறது. தந்தி பாடும், வயர் சுமக்கும். கம்பி என்ற ஒரு சொல்லால் இரண்டையும் கட்டிப்போட்டதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. வயர் அதிர்ந்து ஒலிக்கும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு. அது சட்டைப் பொத்தானில் உரசும்போது.

சீவாளி சொல்லும் பாடம்

ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாயனம் செய்யும் ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே திருவாவடுதுறை, ராஜரத்தினம் பிள்ளையின் ஊர்.

முன்பெல்லாம் வாசித்தது திமிரி நாயனம். குட்டையானது; சுருதி அதிகம்; தெருக்கோடி வரை கேட்கும். ஊர்வலத்துக்கு அது போதும். சுத்த மத்தியமம் அதில் சுத்தமாகப் பேசாது. மணிக்கணக்கில் ராக ஆலாபனை செய்பவருக்கு அது ஓயாத உறுத்தல். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைச் செம்மை செய்தார். சுத்த மத்தியமம் சரியாக வந்தது, நாதம் கனிந்தது. வாத்தியத்தை மேம்படுத்துவது என்றால் இது. ஒலி பிறக்கும் குழலிலேயே கைவைத்தார்கள்.

குழல் அமைந்த பிறகும் ஒவ்வொரு கச்சேரியிலும் வித்வான் கைவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் நாயனக்காரரைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். வாத்தியத்தின் மேல் முனையிலிருந்து நூலில் கொத்தாகச் சீவாளிகள் தொங்கும். காவிரிக் கரை நாணல்தட்டையில் செய்தவை. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஈரமாக்குவார். ‘ப்பீ’ என்று ஓர் ஊது. முகத்தைச் சுளித்துக் கழற்றுவார். அடுத்தது. அதன் வாயைக் குச்சியால் லேசாக விரித்து, மறுபடி உதட்டில் வைத்து ஊதுவார். மூன்றாவதோ நான்காவதோ பொருந்தும்போது தோள் இறங்கும், கண் மூடும். அதற்குப் பிறகுதான் வாசிப்பு.

அவர் தேடியது சுகமா, நாதமா? கேட்டால் சிரிப்பார். உதட்டுக்குப் பொருந்தாத சீவாளியில் நாதம் வராது. நாதம் வராத சீவாளி உதட்டுக்குச் சுகமாக இருக்காது. உடம்பு வாத்தியத்தைத் தொடும் அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஹெட்போனுக்கும் ஒரு சீவாளி இருக்கிறது. நாம் அதைத்தான் கவனிப்பதில்லை.

காதில் படும் இடம்

இயர்போன் பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் டிப் இருக்கும். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருப்பதோடு நின்றுவிடுவார்கள். மற்ற இரண்டும் பெட்டியோடு பரணுக்குப் போய்விடும்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு மிருதங்கத்தின் இடந்தலையை, அதாவது தொப்பியை மட்டும் கவனியுங்கள். அந்த ‘கும்’மென்ற கும்கி அடிவயிற்றில் இறங்க வேண்டும். இறங்கவில்லையா? இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். தொப்பி திடீரென்று எழுந்து வந்தால் டிப் உங்கள் காதை மூடவில்லை என்று அர்த்தம். காதுக்கும் டிப்புக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தாலும் கீழ்ஸ்தாயி கசிந்துவிடும். மடை சரியாக அடைக்காத வயல்போல. அங்கே காணாமல் போவது 0.13 டெசிபல் இல்லை. பத்து டெசிபலுக்கு மேலும் போகும். லட்ச ரூபாய் வயராலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நூறு, நூற்றைம்பது ரூபாய் டிப்பால் முடியும்.

இரண்டு காதும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு இடது காதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சின்னது. சிலருக்குச் சிலிக்கோன் ரப்பர் ஒத்துக்கொள்ளாது; விரலால் நசுக்கி உள்ளே விட்டால் மெதுவாக விரிந்து நிரம்பும் நுரை டிப் பொருந்தும். மேல்ஸ்தாயியை அது சற்று மங்கவைக்கும். அந்த மாற்றம் காதுக்கு நிச்சயமாகக் கேட்கும்.

காதை மூடும் பெரிய ஹெட்போனுக்கும் இதே கதைதான். மூக்குக்கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கிவிட்டால் அந்த வழியாகத் தொப்பி வெளியேறும். செயற்கைத் தோல் குஷன் காதை நன்றாக மூடும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூரில் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வேர்வை கன்னத்தில் வழியும். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தத் தோல் அப்பளம்போல் உதிரும். வெல்வெட்டு போன்ற துணிக் குஷன் காற்றோட்டமானது. கீழ்ஸ்தாயியைக் கொஞ்சம் கசியவிடும். இங்கேதான் சுகத்துக்கும் தரத்துக்கும் உண்மையான பேரம் நடக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் காதில் பூஞ்சை வருவது சகஜம் என்பதால், மூடிய காதுக்கு அவ்வப்போது காற்று காட்டுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

கப்பற்படை கேட்ட ஒரு திருத்தம்

ஹெட்போனின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதேனியல் பால்ட்வின் என்பவர் வீட்டில் வைத்து ஒரு ஹெட்போனைச் செய்து அந்நாட்டுக் கப்பற்படைக்கு அனுப்பினார். ஒலி பிரமாதம். படை கேட்ட திருத்தம், தலையில் மாட்டும் பட்டையைக் கொஞ்சம் சுகமாக்க வேண்டும் என்பது. தோல் சுற்றிய, ஏற்றி இறக்கக்கூடிய கம்பிகளைப் பொருத்திக் கொடுத்தார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர், மஞ்சள் நுரை குஷன் வைத்த எச்.டி 414 என்ற லேசான, திறந்த ஹெட்போனைக் கொண்டுவந்தது. 1979-ல் சோனி வாக்மேனோடு வந்த ஹெட்போன் தலையின் சுமையை இன்னும் குறைத்து, இசையைத் தெருவுக்கு அனுப்பியது. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி 600 இன்றும் விற்பனையில் இருக்கிறது. 260 கிராம், குஷனையும் கழற்றலாம், வயரையும் கழற்றலாம். அந்த வயரைக் கழற்றும்படி செய்ததன் பெரிய பயன், அறுந்தால் ஹெட்போனையே தூக்கிப்போட வேண்டாம் என்பது. நம் ரிப்பேர் கடைக்காரர் சொன்னதும் அதுதானே?

1978-ல் ஒலிப் பொறியாளர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன், விமானத்தில் ஹெட்போன் மாட்டினார். எஞ்சின் இரைச்சலில் இசை கேட்கவில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே இரைச்சலை எதிர் ஒலியால் அழிக்கும் கணக்கைப் போட ஆரம்பித்தார் என்பார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்த, விமானிகளுக்கான ஹெட்போன் 1989-ல் கடைக்கு வந்தது.

இரைச்சலில் கேட்பது டெல்டாவுக்கும் புதிதில்லை. அறுவடை இயந்திரத்தின் எஞ்சினுக்கு மேலே பாட்டுக் கேட்கும் இளைஞர்களைத் தை, மாசியில் வயல் வயலாகப் பார்க்கலாம். காதை மூடாத இயர்போனில் எஞ்சினைத் தாண்டி இளையராஜா கேட்க வேண்டுமென்றால் ஒலியை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் மட்டுமே. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். உலகில் 12 முதல் 35 வயதுக்குள் நூறு கோடிக்கும் மேற்பட்டோர், சத்தமாகக் கேட்டே செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் 2022-ல் எச்சரித்தது. காதில் சரியாகப் பொருந்தும் டிப் வெளி இரைச்சலைத் தடுக்கும். ஒலியைக் குறைத்து வைத்தாலே போதும். சாலையிலும் தண்டவாளத்தின் பக்கத்திலும் மட்டும் காதைத் திறந்தே வையுங்கள்.

வயர் வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. பழைய வயர் அறுந்திருக்கிறதா, ஜாக் ஆடுகிறதா? ஆம் என்றால் மாற்றுங்கள். அது ஆடம்பரம் இல்லை.

2. துணியில் உரசினால் காதுக்குள் சத்தம் வருகிறதா? மிருதுவான வயர் நல்லது. அதற்கு முன், இருக்கும் வயரையே காதுக்கு மேலே சுற்றிவிட்டு, சட்டையில் ஒரு கிளிப் போட்டுப் பாருங்கள். பாதி உரசல் நின்றுவிடும்.

3. கனமா, லேசா? கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் காதில் தொங்கவிட்டுப் பாருங்கள். லேசானதே நல்ல வயர்.

4. உங்கள் இயர்போனின் துளை எது? இரட்டை ஊசியா, எம்.எம்.சி.எக்ஸா? இரட்டை ஊசியில் பிளஸ், மைனஸை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டுங்கள். ஒரு பக்கம் திருப்பி மாட்டினால் பாடகர் நடுவிலிருந்து மறைந்துபோவார்.

5. சத்தத்தின் தரத்துக்காகவா மாற்றுகிறீர்கள்? அப்படியானால் அந்தப் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: டிப் அல்லது குஷன், பிறகு இன்னும் நல்ல இயர்போன், பிறகு நல்ல பதிவு. வயர் இந்த வரிசையிலேயே இல்லை.

அழகுக்காக வாங்குகிறேன் என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. நாயனத்தின் கீழ்வாயான அணசில் வெள்ளிப்பூண் கட்டிக்கொண்ட வித்வான்கள் உண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும். அந்தப் பூணால்தான் தோடி கனிந்தது என்று மட்டும் அவர்கள் யாரும் சொன்னதில்லை.

என் எட்டு இழை வெள்ளி வயரை அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். பின்னல் அழகாக இருக்கிறதாம். தஞ்சாவூரில் எண்பது ரூபாய்க்கு ஒட்டிய பழைய வயர் இன்னும் ஓடுகிறது. டிப் மட்டும் புதிது, நூற்றைம்பது ரூபாய். போன வாரம் அதே பாசஞ்சரில் அதே தோடியைக் கேட்டேன். போனில் ஒலி வழக்கத்தைவிட மூன்று படி குறைவாக இருந்தது. நரசிங்கம்பேட்டை வரும்வரை ஒரு முறைகூட இயர்போனைத் தொடவில்லை.